தொட்டிக்குப் பின்னால் விழுந்த கோல்

பந்து நடுக்கோட்டைத் தாண்டியதும் தையலக்காவின் கால் மிதியில் மெதுவாகிறது. கோல் கம்பத்தை நெருங்கியதும் நின்றே விடுகிறது. பாதி தைத்த பள்ளிச் சீருடை ஊசிக்கு அடியில் அப்படியே கிடக்க, விரலிடுக்கில் இருக்கும் சாக்குக்கட்டியால் பக்கத்து மேசையில் விரித்திருக்கும் பழுப்புக் காகிதத்தில் கிறுக்குகிறார்: "டிப்போ, ஏழாம் நம்பர், வலது கால், வெளியே." பிறகு மிஷின் மறுபடி ஓடுகிறது. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அச்சகம் வைத்திருப்பவர் தலையைத் தூக்காமலே, "மேல மிஷின் நின்னுடுச்சு. யாரோ கோல்கிட்ட போயிட்டான்" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

மூன்றாவது மாடியில் ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் கட்டில், சுவரோரம் பெயர்ச்சீட்டு குத்திய துணி மூட்டைகள். ஜன்னலை ஒட்டித் தையல் மிஷின். மிஷினுக்கு அந்தப் பக்கம் ஒரு மர ஸ்டூல். அதன் ஒரு கால் குட்டை. அடியில் கத்தரித்த துணியை நாலாக மடித்து வைத்திருக்கிறது. துணி கொடுக்க வருகிறவர்கள் அதில் உட்காரப் போனால், "அதுல வேணாம், ஆடும். கட்டில்லயே உக்காருங்க" என்று சொல்லிவிடுவார். மேலே வருகிற எல்லோரும் இந்த வாக்கியத்தை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள்.

ஜன்னலுக்கு வெளியே நகராட்சியின் கால்பந்து மைதானம். சனி, ஞாயிறு மாலை நாலு மணிக்கு மேட்ச். பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் யாரும் இல்லை. பஸ் டிப்போ அணி, தபால் அணி, தீயணைப்பு அணி, ரொட்டித் தொழிற்சாலை அணி என்று வாரம் முழுவதும் வேலை செய்துவிட்டு முட்டி தேய ஓடுகிறவர்கள். பார்க்க வருகிறவர்களை ஒரு கை விரலும் இன்னொரு கை விரலும் சேர்த்தால் எண்ணிவிடலாம். அதிலும் பாதிப்பேர் மாற்று ஆட்டக்காரர்கள்.

ஜன்னலுக்கும் மைதானத்துக்கும் நடுவே, நாலு தூண்மேல் ஒரு சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. வயிறு பெருத்த தொட்டி. வடக்குப் பக்கத்துக் கோலை முழுசாக மறைத்துவிடும். கம்பமும் தெரியாது, வலையும் தெரியாது, அங்கே நிற்கிற கோலியின், அதாவது கோல்கீப்பரின், நிழல்கூடத் தெரியாது. "ஆண்டவன் குடுத்தது ஜன்னல். தொட்டிய வெச்சது நகராட்சி" என்பார் அக்கா. குறையாகச் சொல்வதில்லை, யார் எதைச் செய்தார்கள் என்பதில் குழப்பம் வரக்கூடாது என்பதற்காகச் சொல்வது.

இந்தத் தொட்டியை அவர் இருபத்திரண்டு வருஷம் கவனித்ததே இல்லை. காரணம், தைக்கிறவர் தலையைத் தூக்குவதில்லை. மேட்ச் பார்த்தது அவருடைய வீட்டுக்காரர், டிப்போவில் மெக்கானிக். சனிக்கிழமை வேலை விட்டு வந்ததும் கைகூடக் கழுவாமல் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பிப்பார். "வந்துட்டான்... வந்துட்டான்... ஒருத்தன ஏமாத்திட்டான்... கோலி இந்தப் பக்கம் பாயறான், பந்து அந்தப் பக்கம் சிரிச்சுக்கிட்டே போகுது! கோல்!" அக்கா குனிந்தபடியே, "யாருங்க அடிச்சது?" என்று கேட்பார். "நீ தையி. நான் பாத்துக்கறேன்" என்று பதில் வரும். இருபத்திரண்டு வருஷம் அக்கா காதால் கால்பந்து பார்த்தார். பார்த்த அத்தனை மேட்ச்சும் நன்றாகவே இருந்தது.

அவர் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. வேலை இடத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. அந்த வார இறுதியிலும் மேட்ச் நடந்தது. விசில் சத்தம் கேட்டது, கூச்சல் கேட்டது, ஆனால் அறைக்குள் ஒரு வார்த்தை இல்லை. அக்கா முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார். பந்து தொட்டிக்குப் பின்னால் போயிற்று. சத்தம் எழும்பியது. கோல் எங்கே என்று தேடினார். எழுந்து நின்று பார்த்தார், தெரியவில்லை. ஒருவேளை அவர் இடத்திலிருந்து தெரியுமோ என்று ஸ்டூலில் போய் உட்கார்ந்து பார்த்தார். அங்கிருந்து இன்னும் மோசம். வடக்குப் பக்கம் தொட்டியைத் தவிர ஒன்றுமே இல்லை.

கோலி இந்தப் பக்கம் பாய்ந்ததும், பந்து அந்தப் பக்கம் சிரித்ததும், வலை குலுங்கியதும் எல்லாம் அந்த மனுஷன் கட்டிய கதை. வடக்குப் பக்கம் விழுந்த ஒரு கோலைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு நிறைய நேரம் சிரித்தார். அன்றைக்கு அதற்குப் பிறகு ஒரு தையல்கூட ஓடவில்லை.

அறை அமைதியாக இருப்பதைத் தாங்க முடியாமல்தான் எழுத ஆரம்பித்தது. சட்டை வெட்டும் பழுப்புக் காகிதத்தில், சாக்குக்கட்டியால். அச்சகக்காரர் ஒருநாள் பேன்ட் நீளம் குறைக்க வந்தார். நாற்பதைத் தாண்டியவர்; ஆனாலும் அக்காவுக்குத் தம்பிதான். மூலையில் சுருட்டி நிறுத்தியிருந்த காகிதங்களில் ஒன்றைச் சட்டை அளவு என்று நினைத்துப் பிரித்தவர், நின்ற இடத்திலேயே படித்தார்.

"அக்கா, இது என்ன? மேட்ச் முழுக்க இருக்கே."

"சும்மா. பொழுது போகணும்ல."

"இத சுருட்டி வெச்சு யாரு படிக்கறது? பல்லியா? பிளாக்ல போடுங்கக்கா. ஊரே படிக்கும்."

"ஊருக்கு வேற வேலை இல்லையா?"

"ஊருக்கு இருக்கற வேலை எல்லாம் எனக்குத் தெரியும். நீங்க போனக் குடுங்க."

பேன்ட்டின் இரண்டு காலையும் அக்கா மடித்துத் தைத்து முடிப்பதற்குள், அவர் போனில் ஒரு வலைப்பூ தொடங்கிவிட்டார். பெயர் கேட்டார். அக்கா ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே, "மூணாவது மாடியிலேர்ந்து பாக்கறேன், அவ்வளவுதான்" என்றார். அதுவே பெயராகிவிட்டது: 'மூணாவது மாடியிலிருந்து'.

அக்கா படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. ஆள்காட்டி விரலில் விரல்கவசத்தோடு ஒரு எழுத்து, ஒரு எழுத்தாகத் தட்டுவார். கவசம் பட்டால் போன் கேட்காது, கழற்றிவிட்டுத் தட்டுவார், கழற்றியதை மறந்து ஊசியில் குத்திக்கொள்வார். சனிக்கிழமை மேட்ச் முடிந்து வெளிச்சம் மங்குவதற்குள் எழுதிப் போட்டுவிட வேண்டும் என்பது அவரே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். மேட்ச் தொடங்கும்முன் ஒரு நிமிஷம் கண்ணை மூடி, "ரெண்டு பக்கமும் புள்ளைங்க நல்லா இருக்கணும்" என்று வேண்டிக்கொள்வதும் அந்தச் சட்டத்தில் சேர்ந்ததுதான்.

"ரெண்டு பக்கத்துக்கும் வேண்டிக்கிட்டா ஆண்டவன் யாருக்குத்தான் கோல் போடுவான்?" என்று அச்சகக்காரர் கிண்டல் செய்வார்.

"அவன் கோல் போட வேணாம் தம்பி. கால் ஒடியாம பாத்துக்கட்டும், போதும்."

முதல் வாரம் முடிந்ததும் அக்கா மூன்று மாடி இறங்கி அச்சகத்துக்கே வந்துவிட்டார். முட்டி வலிக்காரர், அவசரம் இல்லாமல் இறங்க மாட்டார். முகமெல்லாம் பூரிப்பு. "தம்பி, முப்பத்தொரு பேர் படிச்சிருக்காங்க!"

அச்சகக்காரர் போனை வாங்கி எதையோ தட்டிப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார். "அக்கா, யாராச்சும் படிச்சாங்களான்னு நீங்க அடிக்கடி தொறந்து பாத்தீங்களா?"

"பின்ன? பாக்காம எப்படித் தெரியும்?"

"நீங்க தொறக்கறதையும் அது ஒரு ஆளா எண்ணிக்கும். முப்பத்தொண்ணுல முப்பது நீங்கதான்."

அக்கா போனைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "மீதி ஒண்ணு?"

"அது நான்."

அக்கா திறப்பதை எண்ணாதபடி அச்சகக்காரர் மாற்றிக் கொடுத்தார். அதன்பிறகு எண்ணிக்கை நேர்மையானதாயிற்று, அதாவது பூஜ்யம். அச்சகக்காரருக்கும் வேலை மும்முரம், தினமும் படிக்க முடியுமா? ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு விசித்திரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால், விடிவதற்கு முன்னாலேயே யாரோ ஒருத்தர் படித்திருப்பார். ஒருத்தர்தான். கருத்து எதுவும் எழுதுவதில்லை. அடுத்த ஞாயிறும் அப்படித்தான், அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். "அந்த ஒருத்தர் வந்துட்டாரு" என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பால் காய்ச்சுவார். எழுதும்போதும் அந்த ஒருத்தருக்குச் சொல்வதாக நினைத்துத்தான் எழுதுவார். ஆணா பெண்ணா தெரியாது. தூக்கம் வராதவர் என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

அப்போதெல்லாம் அக்கா எழுதியது இப்படி இருக்கும்: "பந்து தொட்டிக்குப் பின்னால் போனது. சத்தம் எழும்பியது. கோல் என்று நினைக்கிறேன்." கோலுக்கும் கோல் தவறியதற்கும் சத்தத்தில் வித்தியாசம் உண்டு. கோல் என்றால் சத்தம் எழும்பி மேலேயே நிற்கும். தவறியது என்றால் 'ஆ' என்று கிளம்பிப் பாதியில் உட்கார்ந்துவிடும். இதில் அக்கா தப்பு விட்டதே இல்லை.

ஒருநாள், முதல் முதலாக ஒருவர் கருத்து எழுதியிருந்தார். "கோல் விழுந்ததுன்னு சொல்றீங்க, எப்படி விழுந்ததுன்னு சொல்ல மாட்டேங்கறீங்க. கல்யாணத்துக்குக் கூப்பிட்டுட்டுப் பொண்ணக் காட்டாத மாதிரி இருக்கு."

அக்கா அதைப் பத்துத் தடவை படித்தார். யாரோ ஒருவர் அவரிடம் பேசியிருக்கிறார். பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. எப்படி விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் எப்படிச் சொல்ல வேண்டும் என்று தெரியும். இருபத்திரண்டு வருஷம் கேட்ட காதாயிற்றே! அடுத்த மேட்ச்சில் பந்து தொட்டிக்குப் பின்னால் போனதும் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்டூலிலிருந்து வருகிற மாதிரி வார்த்தை வந்தது. "கோலி இந்தப் பக்கம் பாய்ந்தார். பந்து அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டே போனது."

அந்த வாரம் படித்தவர்கள் அறுபது பேர். அடுத்த வாரம் நூற்று நாற்பது. டிப்போவில் டீ குடிக்கிற நேரத்தில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டார்களாம். தீயணைப்பு நிலையத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்களாம். இவர்களைப் பற்றி இதுவரை யாரும் எதுவும் எழுதியதில்லை. தபால் அணிக்காரர் ஒருவரின் தாயார் எங்கிருந்தோ எழுதியிருந்தார்: "என் பையன் போட்ட கோலை நேரில் பார்த்த மாதிரி இருந்தது." அது வடக்குப் பக்கத்துக் கோல். படித்ததும் அக்காவுக்கு நெஞ்சில் ஊசி இறங்கின மாதிரி இருந்தது. ஆனாலும், "நன்றி அம்மா. சாப்பிட்டீங்களா?" என்று பதில் போட்டார். எல்லோருக்கும் அவர் போடும் பதில் அப்படித்தான் முடியும். பலர், "ஆச்சு, நீங்க?" என்று திருப்பிக் கேட்டார்கள். மத்தியானம் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து, "இதோ, சாப்பிட்டுக்கிட்டே இருக்கேன்" என்பார். அறையில் மறுபடி நாலு பேர் பேசுகிற சத்தம் வந்துவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் ரொட்டி அணிக்கும் தீயணைப்பு அணிக்கும் மேட்ச். கடைசி நிமிஷத்தில் பந்து தொட்டிக்குப் பின்னால் போய், சத்தம் எழும்பி மேலேயே நின்றது. ரொட்டி அணி தோற்றது. அக்கா எழுதினார்: "ரொட்டிக்காரரின் கோலி இரண்டு காலுக்கும் நடுவே வாசல் கதவைத் திறந்து வைத்திருந்தார். வாங்க வாங்க என்றார். பந்து விருந்தாளி மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போயிற்று."

நானூற்றுப் பன்னிரண்டு பேர். அச்சகக்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, "அக்கா, செருப்பக் கழட்டுச்சு பாருங்க, அங்கதான் நீங்க நிக்கறீங்க!" என்றார். அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஞாயிறு காலை போனைப் பார்த்தார். கூட்டம் கூட்டமாக வந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் விடியற்கால ஒருத்தர் வந்தாரா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் நின்றார். உயரம். முழங்கைவரை மாவு படிந்து, கழுவியும் போகாமல் வெள்ளையாக இருந்தது. கையில் ஒரு பச்சை ஜெர்சி, முழங்கையில் கிழிசல்.

"இதத் தெச்சுத் தரணும்."

அக்கா வாங்கித் திருப்பினார். முதுகில் ஒன்றாம் நம்பர். மார்பில் ரொட்டித் தொழிற்சாலையின் முத்திரை. அக்காவின் கை அப்படியே நின்றது.

வந்தவர் ஸ்டூலைப் பார்த்தார். "அதுல வேணாம்..." என்று அக்கா சொல்லத் தொடங்குவதற்குள், அவர் ஸ்டூலைத் தொடாமல் அதன் பக்கத்தில் போய் நின்று, ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். குனிந்து பார்த்தார், எட்டிப் பார்த்தார்.

"இங்கேர்ந்து அந்தக் கோல் தெரியலையே."

"தெரியாது."

"அப்ப எப்படிக்கா எழுதினீங்க?"

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் அக்கா ஏதாவது சொல்லியிருக்கலாம். வழி கேட்கிற மாதிரி கேட்டார்.

"பந்து எங்க ஆளு முதுகுல பட்டுத் திரும்பிச்சு. நான் அதுக்குள்ள எதிர்ப்பக்கம் பாஞ்சுட்டேன். காத்துல இருக்கறவன் எப்படிக்கா திரும்பறது?" என்று ஜன்னலைப் பார்த்தே சொன்னார். "நீங்க எழுதினத மாவு மூட்டைக்கு மேல ஒட்டி வெச்சிருக்காங்க. அடுப்பத் தொறக்கும்போதெல்லாம் வாங்க வாங்கன்னு பாடறாங்க. நானும் சிரிச்சேன், மொத ரெண்டு நாள். அப்புறம் கேப்டன் கூப்பிட்டு, கொஞ்ச நாள் வெளியில உக்காருன்னுட்டாரு."

"அவருக்குத் தெரியாதா, முதுகுல பட்டது?"

"அவரு மறுபக்கம் நின்னாரு. உங்களுதப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டாராம்."

அக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "எங்க வீட்டுக்காரர் அப்படித்தான் சொல்லுவாரு. பாக்காமலே சொல்லுவாரு. நல்லா இருக்கும்" என்றார். சொன்ன பிறகுதான் அது பதில் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. அந்த மனுஷன் சொன்னதைக் கேட்டது ஒரே ஒரு ஆள். அதனால் யாருக்கும் அணியில் இடம் போனதில்லை, மானம் போனதில்லை.

வந்தவர் வாசல்வரை போய்த் திரும்பினார். "நான் ஆரம்பத்துலேர்ந்து படிக்கறவன்க்கா. அடுப்பு சூடாகற வரைக்கும் எங்களுக்கு வேலை இல்ல. விடியறதுக்கு முன்னாடி, மாவு மூட்டை மேல உக்காந்து படிப்பேன். அப்ப யாருமே வரமாட்டாங்க போல, ஒரு கருத்துகூட இருக்காது. கோல்னு நினைக்கிறேன்னு எழுதுவீங்க பாருங்க, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்." படியிறங்கும் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது.

அன்று மத்தியானம் அக்கா சாப்பிடவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று போனில் பதினெட்டுப் பேர் கேட்டிருந்தார்கள். உண்மையை எழுதினால் இவர்கள் போய்விடுவார்கள். எழுதாவிட்டால் அந்த ஒருத்தர் போய்விடுவார். போய்விட்டார் என்றே வைத்துக்கொண்டாலும், அவர் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்போது தான் மிஷினில் நிம்மதியாக உட்கார முடியுமா? முதலில் ஜெர்சியைத் தைத்தார். கிழிசல் பெரிசு, ஒட்டுப் போட வேண்டும். பச்சைத் துணி இல்லை. பெட்டியைத் திறந்து வீட்டுக்காரரின் டிப்போச் சட்டையை எடுத்தார். ஒருமுறை அதை முகத்தில் வைத்துக்கொண்டார். பிறகு கத்தரித்தார். பச்சை ஜெர்சியின் முழங்கையில் நீல ஒட்டு. இரண்டு வரிசை அடித்தார், எத்தனை தரம் விழுந்தாலும் பிரியாதபடி.

அதன்பிறகு விரல்கவசத்தைக் கழற்றினார்.

"இந்த ஜன்னலிலிருந்து வடக்குக் கோல் தெரியாது. நடுவே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அந்தப் பக்கம் விழுந்ததாக நான் விவரம் சொன்ன பதினொரு கோல்களையும் நான் பார்க்கவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டேன். மீதியை நானே கட்டினேன். ரொட்டி அணி கோலியின் கால் நடுவே பந்து போகவில்லை. அவர்கள் ஆள் முதுகில் பட்டுத் திரும்பியது. அவர் காற்றில் இருந்தார். காற்றில் இருப்பவர் திரும்ப முடியாது. தப்பு என்னுடையது. எல்லோரும் மன்னிக்க வேண்டும்." இதைத் தட்டுவதற்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. கண்ணை மூடி ஆண்டவனிடம் ஒன்றும் கேட்காமல், சும்மா ஒரு நிமிஷம் இருந்துவிட்டு அழுத்தினார்.

அச்சகக்காரர் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வந்தார். "என்னக்கா இது! தன் தலைல தானே மண்ண வாரிப் போட்டுக்கறதா? அந்தாள் பத்தி மட்டும் ஒரு வரி மாத்தினா போதாதா? பதினொண்ணையும் யாரு கேட்டாங்க?"

"யாரும் கேக்கல தம்பி. அதான் சொன்னேன்."

"இனிமே கீழ எறங்கிப் போய்ப் பாத்து எழுதுங்க. முட்டி வலின்னா நான் ஒரு நாற்காலி போடறேன்."

"போனேன் ஒருதடவ. அவரு போன புதுசுல." அக்கா நூல்கண்டைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "அங்க உக்காந்திருக்கற ஒவ்வொருத்தரும் மைதானத்துல ஓடற யாருக்கோ சொந்தம். யாருக்கு வந்திருக்கீங்கன்னு பக்கத்துல இருந்த அம்மா கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. வந்துட்டேன்."

அச்சகக்காரர் ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

படித்தவர்கள் திட்டினார்கள். "குருட்டுக் கமெண்ட்ரி" என்றார்கள். தபால்காரரின் தாயார், "அப்படியென்றால் என் பையன் கோல் போட்டானா இல்லையா?" என்று கேட்டிருந்தார். "போட்டார் அம்மா. எப்படி என்றுதான் தெரியாது" என்று எழுதினார். பதில் வரவில்லை. அடுத்த வாரம் தொண்ணூறு பேர். அதற்கடுத்த வாரம் இருபத்தேழு. பிறகு ஆறு. கூட்டம் வடிந்துவிட்டதால் விடியற்காலையின் எண்ணிக்கை மறுபடி தெளிவாகத் தெரிந்தது. பூஜ்யம். மூன்று ஞாயிறும் பூஜ்யம். ஜெர்சியை ரொட்டி வண்டி ஓட்டுகிறவர் வந்து வாங்கிப் போனார். பால் காய்ச்சும்போது சொல்ல அக்காவுக்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை. "பந்து தொட்டிக்குப் பின்னால் போனது. சத்தம் எழும்பியது. கோல் என்று நினைக்கிறேன்."

அந்தப் பருவத்தின் கடைசி மேட்ச், ரொட்டிக்கும் டிப்போவுக்கும். அணிகள் உள்ளே வரும்போது அக்காவின் கால் மிதியில் நின்றது. பச்சை ஜெர்சிகளின் நடுவே ஒரு நீல முழங்கை. மூன்றாவது மாடியிலிருந்துகூடப் பளிச்சென்று தெரிந்தது. "மறுபடி சேத்துக்கிட்டாங்க" என்று வாய்விட்டுச் சொன்னார். வழக்கம்போல் இரண்டு பக்கத்துக்கும் வேண்டிக்கொண்டார். நீல முழங்கைக்கு மட்டும் ஒரு நொடி கூடுதலாக.

முதல் பாதியில் அவர் நின்றது தெற்குப் பக்கம், அக்காவுக்குத் தெரிகிற பக்கம். மூன்று பந்தைத் தடுத்தார். ஒருதடவைகூட ஜன்னலை நிமிர்ந்து பார்க்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறினார்கள். நடந்து நடந்து தொட்டியின் வயிற்றுக்குப் பின்னால் போய் மறைந்தார்.

ஆட்டம் முடியச் சில நிமிஷம் இருக்கும்போது டிப்போவின் ஏழாம் நம்பர் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினார். ஒருவரைத் தாண்டினார், இன்னொருவரைத் தாண்டினார், தொட்டிக்குப் பின்னால் போனார். மிஷின் நின்றது. சத்தம் எழும்பியது, மேலேயே நின்றது. அக்கா சாக்குக்கட்டியை எடுத்து, "கோல் என்று" வரைக்கும் எழுதினார்.

அப்போது தொட்டியின் ஓரத்திலிருந்து ஒரு நீல முழங்கை வெளியே வந்தது. கோல் வாங்கிய கோலி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார வேண்டிய நேரம். அவரோ தன் இடத்தை விட்டு எட்டு, பத்து அடி விலகி, தொட்டி மறைக்காத இடத்துக்கு வந்து நின்றார். நேராக நிமிர்ந்து மூன்றாவது மாடி ஜன்னலைப் பார்த்தார். இடது கையை நீட்டி, உடம்பைச் சாய்த்து, உள்ளங்கையைத் தரையோடு தரையாக இழுத்துக் காட்டினார். பிறகு விரலை மடக்கிக் கம்பத்தில் தட்டுகிற மாதிரி ஒரு தட்டுத் தட்டி, பந்து உள்ளே போனது என்று கையை உள்பக்கம் திருப்பினார். அவருடைய ஆட்கள், "என்னடா பண்றே, வாடா!" என்று கத்தினார்கள். அவர் அக்காவின் தலை அசைவதைப் பார்க்கும்வரை நின்றார். அப்புறம்தான் ஓடிப்போய் மறைந்தார்.

அக்கா சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார். காகிதத்தின் பக்கம் போகவில்லை. மிஷினுக்கு அந்தப் பக்கம், ஆடுகிற ஸ்டூலின் பக்கம் திரும்பினார்.

"உங்க டிப்போதாங்க" என்றார். கோலி காட்டிய மாதிரியே இடது கையை நீட்டி, உடம்பைச் சாய்த்து, உள்ளங்கையைத் தரையோடு தரையாக இழுத்துக் காட்டினார்.